பெரிய கிளப்புக்குப் போன உனக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை பயிற்சி முடிந்ததும் சிவன் வரப்பில் உட்கார்ந்து முழங்காலில் முறிவெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். நீ விட்டுப் போன அதே கோல்கீப்பர்தான். இப்போது முப்பத்தைந்து வயது, சொந்தமாக ஒரு லாரி, வலது முழங்காலில் நிரந்தரமாக ஒரு வீக்கம். தேங்காயெண்ணெயும் பச்சிலையும் வியர்வையும் கலந்த அந்த வாசனை காற்றில் ஏறி வந்தது. நீ இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனாலும் அந்த வாசனை வந்தால் பக்கத்தில் நீ நிற்கிறாய் என்றே என் உடம்பு எடுத்துக்கொள்கிறது. அன்றைக்கும் பேச வாயெடுத்துவிட்டேன். உன்னிடம் கேட்க ஒரு விஷயம் இருந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, காரில் இரண்டு பேர் எங்கள் நல்லேப்பிள்ளிக்கு என்னைத் தேடி வந்திருந்தார்கள். கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிற பெரிய கிளப். சொந்த மைதானம், சொந்த பஸ், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், வலி பார்க்க ஒரு ஆள். அவர்களுக்கு மேனேஜராக வரச் சொன்னார்கள். நம் கிளப் எனக்குக் கொடுப்பது ஸ்கூட்டர் பெட்ரோலுக்குச் சரியாக இருக்கும் என்பது உனக்குத் தெரியும். அவர்கள் தருவதாகச் சொன்னதில் நான் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மழையைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கலாம். பத்து நாளில் பதில் வேண்டும் என்று சொல்லிப் போனார்கள்.

இந்த ஊரில் இந்தக் கேள்வி இதற்கு முன்னால் ஒருவரிடம்தான் கேட்கப்பட்டது. அது நீ. நீ பதில் சொல்ல எழுந்தபோது முடிக்க விடாமல் தடுத்தவன் நான்.

உன்னை முதலில் பார்த்தது கொல்லங்கோட்டில் உன் செருப்புக்கடையில். கால்பந்து பூட்ஸ் வாங்க வந்திருந்தேன். நீ புதுசை எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் என் காலில் இருந்த பழைய செருப்பைக் கழற்றச் சொல்லி, திருப்பிப் பார்த்தாய். வலது குதிகால் கரைந்து போயிருந்தது. இடது அப்படியே இருந்தது. "நீ வலது கால்லயே பொழைக்கறே. இடது கால் சும்மா தொணைக்கு வருது," என்றாய். செருப்பு விற்கிறவன் சொல்லும் வார்த்தையா இது என்று எனக்குக் கோபம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீயே ஸ்கூட்டரில் இரண்டு பந்தைக் கட்டிக்கொண்டு எங்கள் வயலுக்கு வந்து நின்றாய். உனக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். அன்று சாயங்காலமே 'நீ, நான்' என்று ஆகிவிட்டோம்.

எங்களுக்கு அப்போது மைதானம் என்று ஒன்று இல்லை. இரண்டாம் போகம் அறுத்த பிறகு எங்கள் அப்பாவின் வயலில் நெல் தாள்களைச் செதுக்கிவிட்டு விளையாடுவோம். நெல் விளைகிற இடத்தில் இதெல்லாம் என்ன என்று அவர் முணுமுணுப்பார். ஆனால் நீ வந்தால் மட்டும் மோர் கொண்டுவரச் சொல்வார். உனக்கிருந்த மரியாதை அப்படி. தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற கிழக்குக் காற்று எங்களைப் பாடாய்ப்படுத்தும். உயரத் தூக்கி அடித்த பந்து திரும்பி எங்கள் தலைக்கே வரும். வேறு ஊர்க்காரர்கள் அந்தக் காற்றைத் திட்டினார்கள். நீ திட்டவில்லை. "காத்து நம்ம ஆளு கெடையாது, பாதி நேரம் அவங்க பக்கம் ஆடும். பந்தத் தரையிலயே வெச்சுக்குங்க," என்றாய். இரண்டு வருடம் வேறு எதுவுமே சொல்லித் தரவில்லை. பந்து கணுக்காலுக்கு மேலே எழும்பினால் ஆட்டத்தை நிறுத்திவிடுவாய். அது பழகிய பிறகு அடுத்த பாடம். பந்து காலுக்கு வருவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்க்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். "திரும்பிப் பாருடா" என்று நீ கத்துவது பக்கத்து வயலில் களை எடுக்கிற பெண்களுக்கெல்லாம் பாடமாகி, அவர்களும் ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள்.

மின்சார வேலை செய்கிறவன், போஸ்ட் ஆபீசில் இருக்கிறவன், லாரி கிளீனராக இருந்த சிவன், விவசாயம் பார்க்கிற நான். எங்களை வைத்துக்கொண்டு நீ நம் சித்தூர் பக்கத்தில் நடந்த, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளில் ஒவ்வொன்றாக ஜெயித்தாய். கடைசியில் பாலக்காட்டிலேயே பெரிய கோப்பையை வாங்கிய வருடம், மூங்கில் கேலரியில் இருந்து ஆட்கள் இறங்கி வந்து உன்னைத் தோளில் தூக்கினார்கள். நீ கூச்சத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாய். ஒரு செருப்புக்கடைக்காரன் தன் செருப்பைத் தொலைத்துவிட்டான் என்று ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அந்தக் கோப்பைக்குப் பிறகுதான் வடக்கே இருந்து அந்தக் கிளப் உன்னைக் கூப்பிட்டது.

உரக்கடை மாடியில் நம் கிளப் அறையில் கூட்டம். நீ எழுந்து, "ஒரு விசயம் சொல்லோணும். நான் சொல்லி முடிக்கற வரைக்கும் கேளுங்க," என்றாய். அதற்குள் விஷயம் எங்களுக்குத் தெரியும். மூன்று நாளாக நான் தூங்கவில்லை. அணியின் கேப்டன் நான். உன் நெருங்கிய நண்பனும் நான். அப்படியிருந்தும் வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஆத்திரம் வேறு இருந்தது. நீ முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"ஏனுங்க, வேலந்தாவளம் சந்தையில மாடு கை மாறுமே, அந்த மாதிரியா? மூக்கணாங்கயித்த எவன் புடிச்சாலும் அவன் பின்னாடியே போயிருவீங்களா?"

நான் சொன்னதில் மாடு, சந்தை, கயிறு எதுவும் உன்னை அந்த அளவுக்குத் தைக்கவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக உன்னை நான் 'நீங்க' என்றேன். 'ஏனுங்க' என்றேன். உன் முகம் மாறியது அந்த இடத்தில்தான். நம் பக்கத்தில் மரியாதையை வைத்தே ஒருவனை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிடலாம்.  பந்து வைக்கிற அறையின் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் படி இறங்கினாய். யாரும் பின்னால் வரவில்லை. நான் வர விடவில்லை என்பதுதான் உண்மை.

அடுத்த மேனேஜர் யார் என்று பேச்சு வந்தபோது, அவ்வளவு சத்தமாகப் பேசியவனே பார்க்கட்டும் என்று என் தலையில் கட்டினார்கள். முதல் சீசனில் மண்ணைக் கவ்வினோம். இரண்டு பேர் வேறு அணிக்குப் போனார்கள். உன்னைப் போலவே கத்திப் பார்த்தேன். உன்னைப் போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டோரம் நடந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. தோற்ற ஒவ்வொரு நாளும் உன் மேல்தான் கோபம் வந்தது. அது வசதியாக இருந்தது.

அதற்கடுத்த வருடம் கொல்லங்கோட்டில் அரையிறுதி. ஆள் பற்றாமல் நானும் ஆட இறங்கியிருந்தேன்; எங்களுக்கு எதிரே உன் புது அணி. உன் சொந்த ஊரில், உன் சொந்தக்காரர்கள் கேலரியில் உட்கார்ந்திருக்க, நீ எதிர்ப்பக்கக் கோட்டோரம் நின்றாய். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. உன் ஆட்கள் இரண்டு பேர் திரும்பத் திரும்ப என் இடது பக்கமே வந்தார்கள். பந்து என் இடது காலுக்கு வரும்படி அடைத்தார்கள். கடையில் செருப்பைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்ததை என் மேலேயே பிரயோகித்தாய். முதல் கோல் அப்படி. இரண்டாவதும் அப்படி. மூன்று ஒன்று என்று தோற்றோம்.

விசில் ஊதியதும் நீ உன் அணியிடம் போகவில்லை. மைதானத்தைக் குறுக்கே நடந்து நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாய். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தொடங்கினேன். அது அவிழ்ந்திருக்கவே இல்லை. உன் நிழல் சிறிது நேரம் என் கை மேல் விழுந்து கிடந்தது. "கடைசி பத்து நிமிசம் நல்லா ஆடுனீங்கடா," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, சிவன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாய். அந்தக் கயிற்றை இன்றைக்கும் நான் கட்டிக்கொண்டிருப்பதாகச் சில நாள் கனவு வரும்.

மறுநாள் காலையிலிருந்து மாட்டுக்கொட்டகைச் சுவரில் இடது காலால் பந்தை அடித்துப் பழகினேன். கோபத்தில்தான் தொடங்கினேன். பசு மிரண்டு பால் குறைகிறது என்று வீட்டில் சண்டை. ஆறு மாதத்தில் கால் வழிக்கு வந்தது. அதோடு வேறொன்றும் வந்தது. ஒரு அணியை எதிரில் இருந்து பார்த்தால் எங்கே ஓட்டை தெரியும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். உன்னைப் போல நடப்பதை விட்டேன். கத்துவதைக் குறைத்து, ஒவ்வொருவனையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். அது என் வழி. மெல்ல மெல்ல ஜெயிக்கத் தொடங்கினோம். நீ என் பக்கத்தில் இருந்த பதினைந்து வருடத்தில் நான் மேனேஜர் ஆவேன் என்று யாரும் நினைத்ததில்லை, நானும்தான்.

நாம் மறுபடி பேசியது வேலந்தாவளம் சந்தையில். நீ போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் கறவை மாடு பார்க்கப் போயிருந்தேன். நீ பக்ரீதுக்கு ஆடு பார்க்க வந்திருந்தாய். டீக்கடை வாசலில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டோம். நான் திரும்பிவிடலாமா என்று யோசிப்பதற்குள், நீ கிளாஸைக் கையில் வைத்தபடியே கேட்டாய்:

"என்ன மாப்ள, என்னய வாங்கறதுக்கா வந்தே?"

எனக்குக் காது மடல் சுட்டது. நீ சிரித்தாய். சும்மா குத்திக்காட்ட வந்த சிரிப்பு இல்லை. மூன்று வருடமாக இந்த ஒரு வரியைச் சொல்ல இடம் தேடிக்கொண்டிருந்தவன் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு டீ சொன்னாய்.

பாதி டீ முடிந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "ஏன் போனே?" என்று கேட்டேன்.

 மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "காசுந்தான். அத இல்லன்னு சொன்னா படச்சவன் சிரிப்பான். பொண்ணு காலேஜ் போகோணும்," என்றாய். பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னாய்: "ஆனா அது மட்டும் இல்ல மாப்ள. எனக்கு அப்ப நாப்பது வயசு. செருப்புக்கடையும் உங்க வயக்காடும் தவிர ஒண்ணும் பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்ச பந்தாட்டம் உங்க ஏழு பேருக்கு மட்டுந்தான் ஒத்து வருமா, இல்ல எங்க போனாலும் ஒத்து வருமா? அதத் தெரிஞ்சுக்காமயே வயசாயிருமோன்னு பயமா இருந்துச்சு. அன்னிக்கு மாடியில அதத்தான் சொல்ல வந்தேன்."

நான் தரையைப் பார்த்தேன். போனது சரியா என்று கேட்டேன்.

"மொத வருசம் தப்பு," என்றாய். "ரெண்டாவது வருசந்தான் சரியாச்சு."

அந்த முதல் வருடத்தைப் பற்றியும் சொன்னாய். வாடகை அறையில் தனியாகச் சமைத்துத் தின்றது, தோற்ற மறுநாள் முதலாளி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டது, பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள் 'செருப்புக்கடைக்காரன் சொல்லி நாங்கள் கேட்பதா' என்று முதுகுக்குப் பின்னால் பேசியது. திரும்பி வந்துவிடலாமா என்று ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாயாம். எந்த முகத்தோடு வருவது என்று திரும்பிப் போனாயாம். அந்த முகத்தை இல்லாமல் செய்தது என் வாய்தான். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "அன்னிக்கு நான் பேசுனது..." என்று இழுத்தேன். நீ எழுந்து, "மாட்டப் பாக்கலாம் வா," என்றாய். நான் விலை பேசி வைத்திருந்த பசுவின் காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தாய். இது நொண்டும், வாங்காதே என்றாய். நான் வாங்கவில்லை. வாங்கிய கொழிஞ்சாம்பாறைக்காரர் பிறகு புலம்பியது தனிக்கதை.

அதன் பிறகு பெருநாளைக்கு உன் வீட்டிலும் பொங்கலுக்கு எங்கள் வீட்டிலும் சாப்பாடு என்று ஆனது. ஆனால் நான் தொடங்கிய அந்த வாக்கியத்தை நீ கடைசிவரை முடிக்க விடவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம், சாயங்காலப் பயிற்சி தொடங்குவதற்குச் சற்று முன்னால் உன் அணியின் மைதானத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்று ஃபோன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நான் கொல்லங்கோட்டு வீட்டுக்கு வந்தபோது தெருவே நிறைந்திருந்தது. நம் பையன்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஊரில் உனக்கு எங்களை விட நெருக்கமானவர்கள் யார் என்ற எண்ணத்தோடு வாசல் பக்கம் முன்னால் நின்றோம்.

இரவு பத்து மணி வாக்கில் ஒரு பஸ் வந்து தெரு முனையில் நின்றது. உன் கிளப் பஸ். இருபது பேருக்கு மேல் இறங்கினார்கள். எல்லோரும் ஒரே நிற ஜெர்சி. உடை மாற்ற நேரமில்லாமல் அப்படியே வந்திருக்கிறார்கள். அதில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவன், உயரமானவன், நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். உன் முகத்தைப் பார்த்தான். சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டு, குழந்தை அழுவது போல அழுதான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம் மலையாளம். உன்னை எவ்வளவு நாளாகத் தெரியும் என்று என்னைக் கேட்டான். சொன்னேன். உடனே அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் குரலில், உன் இழுப்போடு, "திரும்பிப் பாருடா," என்றான். அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். ஆனால் நீ அப்படிக் கத்தினால் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும் என்று மட்டும் தெரியுமாம்.

மையத்து கிடத்தியிருந்த வீட்டில் நான் சிரித்துவிட்டேன். உன் அண்ணன் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நீ எங்களுடையவன், எங்களை விட்டுவிட்டுப் போனவன் என்று எத்தனை வருடம் நினைத்திருந்தேன். நல்லேப்பிள்ளி வயலில் களை எடுக்கிற பெண்கள் கேட்டுச் சிரித்த வார்த்தை, கடல் தாண்டி வந்த ஒருவன் வாயில் இருந்தது. உன் பந்தாட்டம் எங்கே போனாலும் ஒத்து வரும் என்பதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாள் பள்ளிவாசல் அடக்கத்தலத்தில் நானும் அவனும் அடுத்தடுத்து நின்று மண் போட்டோம்.

இவ்வளவும் தெரிந்தும், அந்த இரண்டு பேர் காரில் வந்து போன பிறகு என்னால் முடிவெடுக்க முடியவில்லை. எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. போக வேண்டும் என்று இருந்தது. ஆசைப்படவும் கூச்சமாக இருந்தது. நான் போனால் முதல் சீசன் எங்களுக்கு நடந்தது மறுபடி நடக்குமோ, கிளப் கலைந்துவிடுமோ என்று ஒவ்வொருவன் முகமாக நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, உன்னை அப்படிப் பேசிய வாயால் எப்படி 'வருகிறேன்' என்று அவர்களிடம் சொல்வது?

ஞாயிறு காலை மனைவி பால் கறந்துகொண்டிருந்தாள். பால் சொசைட்டி வண்டி வரும் நேரம். நான் வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கறப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"உங்களுக்குப் போகோணும்னு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

இருக்கிறது என்றேன். உன்னைப் பேசியதை நினைத்தால் கால் எழவில்லை என்றும் சொன்னேன். அந்த அண்ணன் போனது தப்பு என்று இப்போதும் நினைக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அப்பறம் நீங்க போறது மட்டும் எப்புடித் தப்பாகும்? அவரப் பேசுனதுக்குத் தண்டனையா இங்கயே கெடக்கறதுன்னா கெடங்க. ஆனா அத டீம் மேல பாசம்னு சொல்லாதீங்க."

வாளியை எடுத்துக்கொண்டு அவள் ரோட்டுக்குப் போய்விட்டாள். நான் பசுவின் பக்கத்தில் வெகுநேரம் நின்றிருந்தேன். அதுவும் என்னை அவ்வளவு மரியாதையாகப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லோரையும் வரப்பில் உட்காரச் சொன்னேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், சொல்லி முடித்த பிறகு யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ எல்லாம் சொல்லலாம், கடைசி ஆள் பேசி முடிக்கும் வரை நான் இங்கிருந்து நகர மாட்டேன் என்றேன். அப்புறம் கிளப் கூப்பிட்டது, எனக்கு ஆசை இருப்பது, காசும் ஒரு காரணம் என்பது, எதையும் மறைக்காமல் சொன்னேன்.   மின்சார வேலை பார்க்கிறவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"பஸ் எத்தன மணிக்குங்க?"

அவர்களுக்கு வியாழக்கிழமையே தெரியும். கிளப்புக்காரர்கள் காரை டீக்கடை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். டிரைவர் ஒரு வடைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியாமல் இவர்கள் கூடிப் பேசி, அடுத்த மேனேஜர் சிவன் என்று முடிவும் செய்துவிட்டார்கள். சிவன் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இல்லாவிட்டால் கலைந்துவிடுவார்கள் என்று ஐந்து நாள் தவித்த எனக்கு ஒரு நிமிடம் சுருக்கென்றது. சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். அந்த ஒரு நிமிடம் அவர்கள் கொஞ்சம் அழுதிருக்கலாம் என்று இருந்தது.

ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. போஸ்ட் ஆபீஸில் இருக்கிற மணிகண்டன். "எனக்குப் புடிக்கலீங்க. சொல்லீட்டேன்," என்று எழுந்தான். முழுசாகச் சொல் என்றேன். பத்து நிமிடம் பேசினான். இந்த சீசனில்தான் அணி பக்குவப்பட்டது, பாதியில் விட்டுப் போவது எங்கள் உழைப்பை எடுத்துக்கொண்டு போவது மாதிரி என்றான். பெயர் உங்களுக்கு, வலி எங்களுக்கா என்றான். அதில் பாதி நியாயம். நான் நடுவில் ஒரு சொல் பேசவில்லை. பதில் சொல்ல என் வாய்க்கு வந்ததை எல்லாம் விழுங்கினேன். அவன் சொல்லச் சொல்ல, அன்றைக்கு மாடியில் நான் பேசியதிலும் பாதி நியாயம் இருந்திருக்கும் என்றும், மீதிப் பாதியை நீ கேட்டுக்கொண்டு நின்றாய் என்றும் தெரிந்தது. அவன் முடித்ததும், உழைப்பைப் பற்றி அவன் சொன்னது சரி என்றேன். அடுத்த மாதம் கடைசி ஆட்டம் முடியும் வரை இருந்துவிட்டுத்தான் போவேன், அவர்கள் அதற்கு ஒத்துக்கொண்டால் போகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கட்டும் என்றேன்.  பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் போனான்.

கிளப்புக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். நேற்று கடைசி ஆட்டமும் முடிந்தது. கோப்பை வரவில்லை, இரண்டாம் இடம். மணிகண்டன் ஒரு கோல் போட்டான்.

இன்று மாலை பயிற்சிக்குப் போனேன். பழக்கத்தில் கோட்டுக்குள் கால் வைத்தவனை சிவன் நிறுத்தினான். "அண்ணா, நீங்க வெளிய நில்லுங்க. இன்னிக்கு நான் பாத்துக்கறேன்." குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. நின்றேன். ஆட்டம் தொடங்கியது. வலது பக்கம் இடைவெளி விட்டு நின்றார்கள். எனக்கு ஐந்தே நொடியில் தெரிந்தது, சிவனுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அந்த வழியாக ஒரு கோல் விழுந்தது. மறுபடி வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அதற்குள் சிவன் ஆட்டத்தை நிறுத்தி இரண்டு பேரை இடம் மாற்றினான். நானாக இருந்தால் அந்த இரண்டு பேரை மாற்றியிருக்க மாட்டேன். ஆனால் இடைவெளி அடைந்தது. எனக்குத் தோன்றாத ஒரு வழியில் அடைந்தது.

அங்கே நின்றபோதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ போன பிறகு இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட ஃபோன் செய்து 'இவனை முன்னால் போடு, அவனைப் பின்னால் இழு' என்று எனக்குச் சொன்னதில்லை. நாம் சமாதானமான பிறகும், நான் தோற்ற மறுநாள் பெருநாள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே, மாட்டைப் பற்றிக் கேட்பாய், மழையைப் பற்றிக் கேட்பாய், அணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாய். ஒருமுறை நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நீ பாக்கறே இல்ல, அப்பறம் என்ன?" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கறியை என் தட்டில் வைத்தாய். உனக்கு அக்கறை விட்டுப் போய்விட்டது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். எங்கள் ஆட்டம் ஒவ்வொன்றும் உனக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு ஓட்டையும் உன் கண்ணில் பட்டிருக்கும். அத்தனை தடவையும் வாயைத் திறந்து மூடியிருக்கிறாய். அது எவ்வளவு சிரமம் என்று இன்று சாயங்காலம் முக்கால் மணி நேரம் நின்று தெரிந்துகொண்டேன்.

நாளைக் காலை ஆறரை பஸ். பெட்டியில் மனைவி என்னென்னவோ வைத்திருக்கிறாள். புது இடத்தில் உன்னைப் போல நடக்கப் போவதில்லை, உன்னைப் போலக் கத்தப் போவதும் இல்லை. முதல் வருடம் தப்பாகப் போனாலும் போகட்டும்; இரண்டாவது வருடம் வரை நின்று பார்ப்பேன். இங்கே சிவன் தோற்கிற நாளில் எனக்குச் சேதி வரும். அப்போது கையில் ஃபோனை எடுப்பேன். அவனிடம் மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட வேண்டும். அதற்கான தெம்பை உன்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டு போகிறேன்.